பெல்சி டீச்சரை நான் ஜெயிச்ச கதை

எரிமலையா? இல்ல சார். எரிமலை முடிஞ்சு போச்சு. சூரிய குடும்பமும் இல்ல, நுரையீரலும் இல்ல. எங்க, அந்தச் சீட்டைக் கொஞ்சம் குடுங்க. ஏழாம் வகுப்பு பி. ம். 'வீட்டில் செய்யக்கூடிய ஏதேனும் ஒரு சோதனை'ன்னுதானே போட்டிருக்கு? அப்ப எரிமலைங்கிறது உங்க சொந்த யோசனை. அப்படித்தான் இருக்கும். அப்பாமாருக எல்லாருக்கும் எரிமலைதான் தோணும்.

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் ஒரு கால் கொஞ்சம் ஆடும், சுவத்துப் பக்கமாச் சாஞ்சுக்கங்க. ஊருக்குப் புதுசா? பேங்கா? நெனச்சேன். அருப்புக்கோட்டையில இந்த வெயில்ல சட்டையை இன் பண்ணிக்கிட்டு தெர்மாகோல் வாங்க வர்றவரு வேற யாரா இருக்க முடியும்? பொண்ணு படிக்குதா? சரி, சரி. பொண்ணு வீட்ல டிவி பாக்குது, அப்பா வெயில்ல புராஜெக்ட் தேடுறாரு. தப்பே இல்ல சார். பதினோரு வருஷமா அப்படித்தான் நடந்துச்சு.

என் பேரு தெய்வேந்திரன். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது. 'புராஜெக்ட் அண்ணாச்சி'ன்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல கரும்புச்சாறு புழியிறவன் கூட வழி சொல்வான். எதிர்த்தாப்புல தெரியுது பாருங்க பள்ளிக்கூடம், அதுல வருஷா வருஷம் ஜனவரியில அறிவியல் கண்காட்சி. அந்தக் கண்காட்சியில பத்துக்கு எட்டு மாடல் நம்ம கடைச் சரக்கு. தெர்மாகோல்ல மலை செஞ்சு, உச்சியில ஓட்டை போட்டு, செவப்புக் கலரை வழிய விட்டா எரிமலை. பிளாஸ்டிக் பாட்டிலோட அடியை வெட்டி, உள்ள ரெண்டு பலூனைத் தொங்க விட்டு, அடியில ஒரு பலூன் தோலை இழுத்துக் கட்டினா நுரையீரல். ரெடிமேடு. அப்பா வருவாரு, வாங்குவாரு, பிள்ளை தூக்கிட்டுப் போகும். தூக்கிட்டுப் போறதுதான் சார் பிள்ளை பண்ற ஒரே வேலை. அதையும் சில வீட்ல ஆட்டோக்காரரு பண்ணிருவாரு.

வெட்டுறது ஒட்டுறது நான். கலர் அடிக்கிறது என் சம்சாரம் தமயந்தி. எங்களுக்குப் பிள்ளை இல்ல சார். அதுக்காக மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க. இந்த ஊர்ல பாதிப் பிள்ளைகளோட நுரையீரலை நாங்கதான் செஞ்சிருக்கோம்.

மாடலோட ஒரு விளக்கச் சீட்டும் குடுப்பேன். அது என் தனித் திறமை. 'வணக்கம். என் பெயர் டேஷ். நான் செய்துள்ள மாதிரி எரிமலை'ன்னு ஆரம்பிக்கும். பிள்ளைக மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கணும். ஒரு வருஷம் ஒரு பையன் கலெக்டர் ஆபீசுல இருந்து வந்த பெரியவரு முன்னாடி நின்னு, 'வணக்கம், என் பெயர் டேஷ்'னுட்டான். அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? அவன் பேரை அவன்தான போட்டுக்கணும். ஆனாலும் ரெண்டாம் பரிசு குடுத்தாங்க. மாடல் அப்படி.

எல்லாம் பெல்சி டீச்சர் வர்ற வரைக்கும்தான்.

மார்த்தாண்டத்துப் பக்கம் சார் அவங்க. சின்ன உருவம். நின்னா என் கவுண்டருக்கு மேல தலையும் கொஞ்சம் தோளும் தெரியும், அவ்வளவுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன்ல அறிவியல் டீச்சரா வந்தாங்க. வந்த முதல் கண்காட்சியில ஒவ்வொரு மேசையா நின்னிருக்காங்க. நுரையீரல் வச்சிருந்த பையன்கிட்ட, "அடியில இழுத்தா உள்ள இருக்கிற பலூன் ஏன் உப்புது?"ன்னு கேட்டிருக்காங்க. அவன் யோசிச்சுட்டு, "அதை அண்ணாச்சி கடையிலதான் கேக்கணும் டீச்சர்"னுட்டான்.

கேக்கவே வந்துட்டாங்க சார். அன்னைக்குச் சாயங்காலமே. பாட்டிலைத் தூக்கி இதே கவுண்டர்ல வச்சாங்க.

"அண்ணாச்சி, இது ஏன் உப்புது?"

"ஆக்சிஜன் டீச்சர்."

"ஆக்சிஜனா?"

"ஆமா டீச்சர். உள்ள ஆக்சிஜன் போகுதுல்ல."

"ஆக்சிஜன் மட்டும் தனியா எப்படி அண்ணாச்சி உள்ள போகும்?"

"நல்ல பாட்டில் டீச்சர்."

சிரிச்சாங்க. வாயைத் தொறந்து சிரிச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. உதட்டை இப்படி உள்ள மடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்பு சார். பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அதுல இருந்துதான் எனக்கும் அவங்களுக்கும் ஆரம்பிச்சது. அவங்களுக்கு என் மேல என்னமோ பொறாமை. இல்லன்னா ஒரு கடைக்காரன்கிட்ட வந்து எதுக்கு சார் ஏன், எதுக்குன்னு கேக்கணும்?

அடுத்த வருஷம், அதாவது போன வருஷம், பள்ளிக்கூடம் தொறந்து அஞ்சாறு மாசத்துல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. இனிமே கண்காட்சிக்குக் கடையில வாங்கின மாடல் கூடாதாம். தெர்மாகோலே பள்ளிக்கூட வாசல் தாண்டக் கூடாதாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்ல இருக்கிற பொருளை வச்சு ஒரு சோதனை பண்ணி, என்ன நடந்துச்சோ அதை நோட்டுல எழுதணுமாம். அதுல ஒண்ணு கேளுங்க சார், சோதனை தப்பாப் போனாலும் மார்க் உண்டாம்! தப்பாப் போச்சுன்னு ஒழுங்கா எழுதினா முழு மார்க்காம்! தப்புக்கு மார்க் குடுக்கிறதா இருந்தா நான் பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரியில ஸ்டேட் ஃபர்ஸ்ட் சார்.

மாடியில எனக்கு நாப்பது எரிமலை தயாரா இருந்துச்சு. தமயந்தி பச்சையெல்லாம் அடிச்சு முடிச்சுட்டா. அவ கேட்டா, "என்னங்க பண்றது இப்ப?" நான் சொன்னேன், "பொறு. அவங்க ஒரு வழியை அடைச்சா நான் ஒரு வழியைத் தொறப்பேன்."

என்ன பண்ணேன் தெரியுமா? 'வீட்டுச் சோதனைப் பாக்கெட்' போட்டேன். வீட்ல இருக்கிற பொருள்தானே வேணும்? அதை நானே ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டா? ஒரு மெழுகுவர்த்தி, கொஞ்சம் கலர்ப்பொடி, ஒரு சீட்டு. சீட்டுல செய்முறை, நடந்தது, காரணம் மூணும் எழுதியிருக்கும். பிள்ளை சோதனை பண்ணவே வேண்டாம் சார். பாத்து எழுதினாப் போதும். கவரை வாங்கினவன் வீட்டுக்குக் கொண்டு போயிட்டா அது வீட்ல இருக்கிற பொருள்தானே? எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்லுவேன்.

ஆனா சீட்டு எழுதணும்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியணும்ல? அதனால சமையக்கட்டுல உக்காந்துட்டேன். வியாபாரத்துக்காகத்தான், வேற எதுக்கும் இல்ல. ஒரு தட்டுல பாலை ஊத்தி, அங்கங்க கலர்ப்பொடி தூவி, சோப்புத் தொட்ட விரலை நடுவுல வச்சா, கலரெல்லாம் பயந்து ஓடுது சார்! திருவிழாக் கூட்டத்துல மாடு புகுந்த மாதிரி! ஒரு தடவை பாத்தா நம்ப முடியல, அதனால பதினாலு தடவை பாத்தேன். காப்பிக்குப் பால் இல்லன்னு தமயந்தி சத்தம் போட்டா. செம்பருத்திப் பூவைக் கொதிக்க வச்ச தண்ணியில எலுமிச்சை விட்டா ரோஸ் ஆகுது, சோப்புத் தண்ணி விட்டா பச்சையாகுது. வீட்டுக்குப் பின்னாடி செம்பருத்திச் செடியில ஒரு பூ மிச்சமில்ல. முட்டையை வினிகர்ல ரெண்டு நாள் போட்டு வச்சா ஓடெல்லாம் கரைஞ்சு ரப்பர் பந்து மாதிரி ஆயிருது. அதைத் தரையில போட்டுக் குதிக்குதான்னு பாத்தேன். குதிச்சது. ரெண்டாவது தடவை கொஞ்சம் உயரத்துல இருந்து போட்டேன். அதைச் சொல்ல வேண்டாம், தமயந்தி உள்ளதான் இருக்கா.

எல்லாத்தையும் விட நல்லா ஓடினது மெழுகுவர்த்திப் பாக்கெட். தட்டுல கலர்த் தண்ணி, நடுவுல எரியிற மெழுகுவர்த்தி, அது மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தணும். திரி அணைஞ்சுரும், தண்ணி டம்ளருக்குள்ள ஏறும். ஒரே ஒரு தடவை பண்ணிப் பாத்தேன், ஏறுச்சு. சீட்டுல எழுதிட்டேன். 'தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தது. காரணம்: ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது.' ஆக்சிஜன் எனக்கு எப்பவும் கை குடுக்கிற ஆளு.

ஏழாம் வகுப்பு பியில மட்டும் இருபத்திரெண்டு பிள்ளைக அந்தப் பாக்கெட் வாங்கினாங்க. நான் உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. பெல்சி டீச்சர் நோட்டுத் திருத்தும்போது மூஞ்சி எப்படிப் போகும்னு நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்.

ஒரு வாரம் சார். சரியா ஒரு வாரம். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் ரோட்டைத் தாண்டி வர்றாங்க, கையில ஒரு கட்டு நோட்டு. கவுண்டர்ல வச்சாங்க.

"அண்ணாச்சி, இருபத்திரெண்டு வீட்டுலயும் தண்ணி ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கு."

"நல்ல விஷயம்தானே டீச்சர்."

"இருபத்திரெண்டு வீட்டு டம்ளரும் ஒரே அளவா?"

"ஊர்ல எல்லாரும் ஒரே கடையில வாங்கியிருப்பாங்க டீச்சர்."

"இருக்கும்" அப்படின்னாங்க. ஒரு நோட்டைப் பிரிச்சு என் பக்கம் திருப்பினாங்க. "இந்தப் பையன் காரணம்னு போட்டு என்ன எழுதியிருக்கான்னு வாசிங்க."

வாசிச்சேன். 'காரணம்: ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. மேலும் விவரங்களுக்கு தெய்வேந்திரன் ஸ்டோர்ஸ், பள்ளி எதிரில்.'

முட்டாப்பய. சீட்டுல அடியில சின்ன எழுத்துல போட்டிருந்ததையும் சேத்து எழுதியிருக்கான்.

டீச்சர் திட்டல. இன்னொரு நோட்டை எடுத்துக் காட்டினாங்க. செய்யது அலி பாத்திமான்னு ஒரு பொண்ணு, நம்ம பாக்கெட் வாங்காதது. 'டம்ளரைக் கவிழ்த்தேன். டம்ளர் உடைந்தது. அம்மா அடித்தார். மறுபடி செய்ய எவர்சில்வர் டம்ளர் எடுத்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.' அதுக்குக் கீழ முழு மார்க் போட்டிருந்தாங்க சார்! முழு மார்க்! எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

அப்புறம் பையில இருந்து மெழுகுவர்த்தி எடுத்தாங்க, தட்டு எடுத்தாங்க, டம்ளர் எடுத்தாங்க. தயாரா வந்திருக்காங்க. கொளுத்திக் கவுத்திட்டு, "அண்ணாச்சி, தண்ணி எப்ப ஏறுதுன்னு மட்டும் பாருங்க"ன்னாங்க.

பாத்தேன். திரி எரியுது. எரிஞ்சுக்கிட்டே இருக்கு. தண்ணி அசையவே இல்ல. எரிய எரியத்தான் சார் ஆக்சிஜன் தீரும்? அப்ப எரிய எரிய ஏறணும்ல? ஏறல. திரி மங்கி, அணைஞ்சு, புகை வந்ததும், சரசரன்னு ஏறுது!

"எல்லாம் முடிஞ்சப்புறம் ஏறுதே. ஏன் அண்ணாச்சி?"

கேட்டுட்டு, பதிலும் சொல்லாம, தட்டையும் டம்ளரையும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அதுதான் சார் அவங்க பண்ண அநியாயம். கேள்வி கேட்டா பதிலைச் சொல்லிட்டுப் போகணுமா இல்லையா?

ஒண்ணு சொல்றேன் சார், வேற யாருகிட்டயும் சொன்னதில்ல. பதினொண்ணாவது படிக்கும்போது கெமிஸ்ட்ரி வாத்தியாரு லேப்ல ரெண்டு தண்ணியைக் கலந்தாரு, மஞ்சளா ஒண்ணு கீழ இறங்குச்சு. "ஏன் சார்?"னு கேட்டேன். "புத்தகத்துல இருக்கு, வாசி"ன்னாரு. "புத்தகத்துல என்ன நடக்கும்னுதான் சார் இருக்கு, ஏன்னு இல்லியே"ன்னேன். வெளிய நிக்க வச்சுட்டாரு. அந்த வருஷம் பூராவும் கெமிஸ்ட்ரி பீரியடுனா எனக்கு இடம் வராண்டாதான். வராண்டாவுல நின்னு எப்படி சார் பாஸ் பண்றது? அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் ஏன்னு கேட்டதில்ல. கேக்காம இருந்தா நல்லாவே பொழைக்கலாம், பொழைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இந்தம்மா வந்து என் கவுண்டர்லயே கேட்டா எப்படி இருக்கும்?

சரி, விடக் கூடாது, பதிலைக் கண்டுபிடிச்சு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு ஆரம்பிச்சேன். ரெண்டு மெழுகுவர்த்தி வச்சேன், இன்னும் அதிகமா ஏறுச்சு. மூணு வச்சேன், அதுக்கும் மேல. ஈரத் துணியை டம்ளர் மேல போத்தினேன், இன்னும் ஏறுச்சு. அப்ப மண்டையில ஒண்ணு பட்டுச்சு. மெழுகுவர்த்தியே இல்லாம, டம்ளர்ல சுடுதண்ணியை ஊத்திக் கொட்டிட்டு அப்படியே தட்டுல கவுத்தினேன். நெருப்பே இல்ல சார். தண்ணி ஏறுது! சூடு சார்! சூடா இருக்கும்போது உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு கிடக்கு, ஆறினதும் சுருங்குது, அந்த இடத்துக்குத் தண்ணி வருது. நான் போட்ட சத்தத்துல பக்கத்து டெய்லர் கத்திரிக்கோலோட ஓடி வந்துட்டாரு.

ஆனா டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லல. ஏன் சொல்லணும்? அவங்களுக்கு அது தெரியும்ல, தெரிஞ்சதைத்தானே கேட்டாங்க. நான் அவங்களுக்குத் தெரியாததைக் கேக்கணும். நாலு பேரு முன்னாடி கேக்கணும். 'தெரியல அண்ணாச்சி'ன்னு அவங்க வாயால சொல்லணும். அதுக்குன்னே ஒரு நோட்டுப் போட்டேன் சார், இருநூறு பக்கம்.

டிசம்பர்ல அவங்களே திரும்ப வந்தாங்க. சர்ச்சுல குடில் வைக்க மலை வேணுமாம். மாடியில இருந்த நாப்பதையும் இறக்கிட்டேன். "மேல என்னத்துக்கு ஓட்டை?"ன்னு கேட்டாங்க. "நட்சத்திர லைட் சொருகுறதுக்கு டீச்சர்"னேன். மறுபடியும் உதட்டை மடிச்சுக்கிட்டாங்க. போகும்போது, "அண்ணாச்சி, ஜனவரி கண்காட்சியில உங்களுக்கும் ஒரு மேசை போடுதேன். எதாவது செஞ்சு காட்டணும்"ன்னாங்க. சவால் விடுறாங்க! நான் விடுவேனா?

அந்த மேசைக்குச் சரக்குக் கிடைச்சது ஒரு பொறந்தநாள் ஆர்டர்ல. தமயந்தி பலூன் ஊதிக் குமிச்சுக்கிட்டிருந்தா. ஒரே மாதிரி ரெண்டு பலூன், ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது, ரெண்டோட கழுத்தையும் முறுக்கி துணி கிளிப் மாட்டி வச்சிருந்தா. நான் நுரையீரலுக்கு வாங்கின குழாய்த் துண்டு பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டையும் குழாயோட ரெண்டு முனையில மாட்டி, கிளிப்பை எடுத்துட்டா. எடுத்துட்டு, "ஏங்க, சின்னது இன்னும் சின்னதாகுது"ன்னா.

"உளறாத. பெருசுல இருந்துதான் சின்னதுக்குக் காத்து வரும். ரெண்டும் சமமாகும்"னேன்.

"வந்து பாருங்க."

வந்து பாத்தேன். சின்னதுல இருந்த காத்தெல்லாம் பெருசுக்குப் போகுது சார்! சின்னது சூம்பிப் போகுது, பெருசு இன்னும் பெருக்குது! மறுபடி பண்ணேன். அப்படியேதான். புதுப் பலூன், வேற கலர், வேற குழாய். அப்படியேதான். நாப்பது தடவை பண்ணி நோட்டுல குறிச்சேன். தமயந்திதான் முதல்ல பாத்தா, இல்லன்னு சொல்லல. ஆனா கண்டுபிடிச்சது நான்.

கண்காட்சி அன்னைக்கு ஹால் பூராவும் கூட்டம். ஒரு தெர்மாகோல் இல்ல சார். ஒரு மேசையில உப்புத் தண்ணியில முட்டை மிதக்குது, ஒரு மேசையில ஒருத்தன் எறும்புக்கு எது பிடிக்கும்னு சீனி, வெல்லம், மொளகாப்பொடி மூணையும் வச்சுக்கிட்டுக் காத்திருக்கான், எறும்பு ஒண்ணு கூட வரல. 'மூன்று மணி நேரமாக எறும்பு வரவில்லை'ன்னு போர்டு எழுதி வச்சிருக்கான். பாக்கவே கேவலமா இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு மேசையிலயும் பிள்ளைக வாய் ஓயாமப் பேசுதுக. என் சீட்டு இல்லாமலே பேசுதுக. அது ஒரு மாதிரி இருந்துச்சு சார், விடுங்க.

சிறப்பு விருந்தினர் எங்க வார்டு கவுன்சிலரு. ஹெட்மாஸ்டர், பெல்சி டீச்சர் எல்லாரும் என் மேசைக்கு வந்தாங்க. குழாயோட ரெண்டு முனையில மாட்டின ரெண்டு பலூனையும் தூக்கிக் காட்டினேன். "ஐயாமாரே, தாய்மாரே, கிளிப்பை எடுத்தா காத்து எதுல இருந்து எதுக்குப் போகும்? கை தூக்குங்க!"

கவுன்சிலரு மேடையில பேசுற குரல்ல சொன்னாரு, "இதென்ன கேள்வி? பெருசுல இருந்து சின்னதுக்கு. இருக்கிறவன் இல்லாதவனுக்குக் குடுக்கிறதுதான் இயற்கை." எல்லாரும் கை தட்டினாங்க. ஹெட்மாஸ்டர் அதுக்கே கை தூக்கினாரு. நான் பெல்சி டீச்சரை மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்களும் தூக்கினாங்க சார். பெருசுல இருந்து சின்னதுக்குன்னு!

கிளிப்பை எடுத்தேன்.

சின்னது சூம்பிருச்சு. பெருசு பெருத்துருச்சு. அப்புறம் பின்னாடி இருந்து எவனோ ஒருத்தன், "நம்ம வார்டு நிலவரம் கரெக்டாத் தெரியுதுப்பா!"ன்னான். அவ்வளவுதான், சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. கவுன்சிலரும் சிரிச்சாரு, பாவம், வேற வழி?

"ஏன் அண்ணாச்சி?" அப்படின்னு ஒரு பொடிசு கேட்டுச்சு. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும். ஏன் அண்ணாச்சி, ஏன் அண்ணாச்சி. ஆக்சிஜன் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு சார். பழக்க தோஷம். ஆனா அந்தப் பொடிசு மூஞ்சியை அண்ணாந்து வச்சுக்கிட்டு நிக்குது. சொல்ல வரல.

"தெரியல தம்பி"ன்னுட்டேன்.

பெல்சி டீச்சர் பக்கம் திரும்பி, "டீச்சர் சொல்வாங்க"ன்னேன். இதுக்குத்தானே சார் ரெண்டு மாசமாக் காத்திருந்தேன்!

அவங்க பலூனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அத்தனை பேரு முன்னாடி, ஹெட்மாஸ்டர் முன்னாடி, சத்தமாச் சொன்னாங்க, "எனக்கும் தெரியல அண்ணாச்சி."

ஜெயிச்சுட்டேன் சார்! ஆனா ஒண்ணு, தோத்தவங்க மூஞ்சி மாதிரி அது இல்ல. சின்னப் பிள்ளைக்குத் திருவிழாவுல பொம்மை கிடைச்ச மாதிரி இருந்துச்சு. சேலையைச் சொருகிக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "இன்னொரு தடவை செய்யுங்க, பக்கத்துல பாக்கணும்"ங்கிறாங்க. நானும் உக்காந்தேன். பிள்ளைக எல்லாம் சுத்தி உக்காந்துருச்சுக. ஹெட்மாஸ்டர் பரிசு குடுக்கணும் பரிசு குடுக்கணும்னு மைக்குல சொல்றாரு, யாரும் எந்திரிக்கல.

அப்ப கூட்டத்துல இருந்து ஒரு குரல். "அண்ணாச்சி, ஊத ஆரம்பிக்கும்போதுதானே கன்னம் வலிக்கும்?" பாத்தா அந்த டம்ளரை உடைச்ச அலி பாத்திமா. ஒரு புதுப் பலூனை எடுத்து ஊதிக் காட்டுது. "மொதல்ல ரொம்பக் கஷ்டம். பெருசானப்புறம் லேசா ஊதினாலே போகும். அப்ப சின்னதா இருக்கும்போதுதானே பலூன் ரொம்ப அமுக்குது? அதான் சின்னது அமுக்கி, காத்தைப் பெருசுக்குத் தள்ளிவிடுது."

பெல்சி டீச்சர் அந்தப் பொண்ணைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடியும் அந்தப் பொண்ணைப் பாத்தாங்க. கண்ணுல தண்ணி நிக்குது. தூசியா இருக்கும். நானே அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன் சார், அந்தப் பொண்ணு முந்திக்கிச்சு. சரிதானான்னு பாக்க ஆளுக்கு ஒரு பலூனா குடுத்தேன். ஹெட்மாஸ்டர் கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்பி நிக்குது. கவுன்சிலரு, "ஆமாய்யா, மொதல்லதான் வலிக்குது"ங்கிறாரு. நூத்தம்பது பேரு ஒரே ஹால்ல பலூன் ஊதி நீங்க பாத்திருக்கீங்களா?

அன்னைக்கு எல்லாம் முடிஞ்சு மேசையை மடக்கும்போது டீச்சர் வந்தாங்க. "அண்ணாச்சி, இனிமே சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்கு சோதனை வகுப்பு வைக்கப் போறேன். நீங்க கட்டாயம் வரணும்"னாங்க. ஏன் கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியாதா? பயம் சார். நான் இல்லாம எதையாவது தப்பாச் சொல்லிருவோமோன்னு பயம். சரி, ஒரு பொம்பளைப் பிள்ளை கேக்குதேன்னு ஒத்துக்கிட்டேன். மேற்பார்வை மாதிரி வச்சுக்கங்களேன்.

ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. கடைசி பெஞ்சுல உக்காருவேன், மேற்பார்வைக்கு அதுதான் வசதி. என்ன சொல்லித் தர்றாங்கன்னு நோட்டுல குறிச்சுக்குவேன். போன வாரம் பிள்ளைக நோட்டை வாங்கும்போது என் நோட்டையும் வாங்கிட்டாங்க. திறந்து பாத்தா செவப்பு மையில 'குட்'னு போட்டிருக்கு. மேற்பார்வை பண்ற ஆளுக்கு எதுக்கு சார் 'குட்'? வேலை மெனக்கெட்டு தமயந்திகிட்டக் காட்டினேன். டெய்லர்கிட்டயும் காட்டினேன். சும்மா, எப்படி அநியாயம் பண்றாங்கன்னு தெரியட்டும்னு.

மணி என்ன சார்? ரெண்டேகாலா? ஐயையோ, ரெண்டரைக்கு ஆரம்பிச்சிருவாங்களே! தமயந்தி! ஏ தமயந்தி, கடையைப் பாத்துக்க! சார், நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம், பொண்ணை அனுப்புங்க, வீட்ல என்ன இருக்கோ எடுத்துக்கிட்டு வரட்டும். அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் குடுங்க. இல்ல, வீட்டுப்பாடத்துல ரெண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் எழுதல. பக்கத்துல பாத்து எழுதலாம்னா அந்த அலி பாத்திமா விட மாட்டேங்குது சார், கையை வச்சு மறைச்சுக்கிடுது.